கொறங்காடு தரிசு நிலம் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை உழவு மானியம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். மானாவாரி நிலத்தில் கோடை உழவு போட ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் என்று 2025-26 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள், 3 லட்சம் ஏக்கருக்கு 24 கோடி ரூபாய் என்றார்கள். நல்ல திட்டம். கோடை உழவு கோடி நன்மை என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், சோளமும் கொள்ளும் விதைக்கிற காட்டில் நாங்களும் உழத்தான் செய்கிறோம். நான் கேட்க வந்தது வேறு. எங்கள் பக்கம் உழக்கூடாத காடு என்று ஒன்று இருக்கிறது. அதை உழாமல் வைத்திருக்கிறோமே என்று எங்களிடம் இதுவரை ஒருவரும் வந்து ஒரு ரூபாய் கொடுத்ததில்லை, ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை, அதனாலேயே அது ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமாக டிராக்டருக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

கொறங்காட்டைத்தான் சொல்கிறேன், காடு என்றால் வனம் இல்லை, ஆடு மாடு மேய்வதற்கென்றே வேலி கட்டி வைத்திருக்கிற புல் நிலம். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர், அந்தப் பக்கம் அரவக்குறிச்சி, க.பரமத்தி வரைக்கும் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள், சுற்றிலும் முள்கிளுவை வேலி, உள்ளே புல், அங்கங்கே குடை விரித்த மாதிரி வெள்வேல மரம், நடுவே நாலைந்து மாடு, கொஞ்சம் செம்மறி. பார்ப்பதற்குச் சும்மா விட்ட நிலம் மாதிரித்தான் இருக்கும். ஆனால் அந்தக் கிளுவை வேலி தானாக வந்ததில்லை, போத்து வெட்டிவந்து ஒவ்வொன்றாக ஊன்றி, வருஷா வருஷம் கவாத்து செய்து, சந்து விழுந்த இடத்தில் முள் அடைத்து, இரண்டு மூன்று தலைமுறை கட்டிக் காத்தது. உள்ளே இருக்கிற கொழுக்கட்டைப் புல்லும் அப்படித்தான். ஒரு காட்டில் மாடு மேய்ந்தால் அடுத்த காட்டைப் படல் போட்டு மூடி வைப்பார்கள், புல் விதை கட்டி உதிரும் வரைக்கும் வாயில்லாத ஜீவன் ஒன்றையும் உள்ளே விட மாட்டார்கள். கோடையில் புல் காய்ந்துபோனால் வெள்வேலங்காய் உதிரும், ஆட்டுக்கு அது போதும். வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் சுமாருக்கு மழை பெய்கிற ஊரில், அதுவும் பாதிக்கு மேல் ஐப்பசி கார்த்திகையிலேயே கொட்டிவிட்டுப் போகிற ஊரில், கிணற்றுத் தண்ணீர் ஒரு சொட்டு இல்லாமல் வருஷம் முழுக்க மாட்டைக் காப்பாற்ற எங்கள் பெரியவர்கள் கண்டுபிடித்த வழி இது. அதுவும் பட்டா நிலத்தில். அரசாங்க மேய்ச்சல் நிலத்தைப் பலபேர் பார்த்திருப்பார்கள், தன் சொந்த நிலத்தை மாட்டுக்கென்று ஒதுக்கி, வேலி போட்டு வைத்திருக்கிற சம்சாரியை வேறு எங்கே பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

மழைக்குப் பிறகு ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். புரட்டாசி கடைசியில் இரண்டு மழை பிடித்தால் போதும், பத்து நாளில் தரை மாறிவிடும். புல்லுக்கு அடியில் விஷ்ணுகிராந்தி நீலமாகப் பொட்டு வைத்த மாதிரி பூக்கும், காலையில் பார்த்தால்தான் உண்டு, வெயில் ஏறினால் சுருங்கிவிடும். தும்பை வெள்ளையாக, நெருஞ்சி மஞ்சளாக, வேலியோரம் ஆவாரை. வேலி மேலே பிரண்டை, கோவை, முடக்கத்தான், வேலிப்பருத்தி எல்லாம் ஏறிக் கிடக்கும், கார்த்திகை வந்தால் அதற்குள்ளிருந்து செங்காந்தள் நெருப்பு மாதிரி எட்டிப் பார்க்கும். மார்கழிப் பனியில் பூளைப்பூ நரைத்த மாதிரி நிற்கும். இவை எதையும் யாரும் விதைக்கவில்லை, தண்ணீர் விடவில்லை. உழாமல் விட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

பூளைப்பூ என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பொங்கலுக்கு முந்தின நாள் எங்கள் பக்கம் காப்புக்கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசல், கூரை, மாட்டுக்கொட்டகை, கிணறு, காடு என்று எல்லா இடத்திலும் செருகுவோம். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் பூப்பறிக்கிற நோம்பி. அன்றைக்கு ஊர்ப் பெண்கள், பிள்ளைகள் எல்லாம் முறுக்கும் கரும்பும் கட்டிக்கொண்டு கொறங்காட்டுப் பக்கம் போய் ஆவாரம்பூ பறித்து, கும்மியடித்து, பாட்டுப் பாடிவிட்டு இருட்டும் நேரத்தில்தான் திரும்புவோம். நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த முதல் வருஷம் என் அத்தைதான், மாமியாரைச் சொல்கிறேன், என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். எந்தக் கொறங்காட்டுக்குள்ளும் கேட்காமல் போகலாம் அன்றைக்கு, படலைத் திறந்துதான் வைத்திருப்பார்கள். இப்போது காப்புக்கட்டுப் பூவைச் சந்தையில் காசு கொடுத்து வாங்குகிறோம். போன தையில் பூப்பறிக்கப் போனவர்கள் ரோட்டோரம் நின்ற இரண்டு ஆவாரஞ்செடியைச் சுற்றி நின்று பறித்துவிட்டு வந்தார்கள். எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

சரி, எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன். மாமனார் காலத்துக் கொறங்காடு எட்டு ஏக்கர், பாகம் பிரித்தபோது எங்களுக்கு நாலு, கொழுந்தனாருக்கு நாலு. மூன்று வருஷம் முன்பு கொழுந்தனார் அவர் பாகத்தை உழுதார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு இரண்டு பிள்ளைகள் கல்லூரியில், கடன் கழுத்தை நெரிக்கிறது, மக்காச்சோளம் போட்டால் கையில் காசு நிற்கும் என்று நாலு பேர் சொன்னார்கள். பொக்லைன் ஒரே பகலில் கிளுவை வேலியை வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டது. மரம் ஏழு போச்சு. அப்புறம் சட்டிக்கலப்பை போட்டு ஆழ உழுதார்கள். அன்றைக்கு மண் புரள்கிற பின்னாடியே கொக்கும் மைனாவும் இறங்கிப் பொறுக்கிக்கொண்டிருந்ததை வரப்பில் நின்று பார்த்தேன், அது பொறுக்கினதெல்லாம் அந்த மண்ணுக்குள் இத்தனை காலம் உயிரோடு இருந்தது. மக்காச்சோளம் முதல் வருஷம் பரவாயில்லை. இரண்டாம் வருஷம் படைப்புழு, மருந்துக்கே பணம் கரைந்தது. மூன்றாம் வருஷம் மழை தள்ளிப்போனது, போர் போட்டார், 900 அடியில் புகைதான் வந்தது. இன்றைக்கு அந்த நாலு ஏக்கரில் பார்த்தீனியமும் சீமைக்கருவேலும் நிற்கிறது. ஆடுகூட வாய் வைக்காது. வேலிக்கு இந்தப் பக்கம் எங்கள் நாலு ஏக்கரில் அதே மழையில் முழங்கால் உயரம் புல். ஒரே மண், ஒரே வானம், நடுவில் ஒரு வேலி மட்டும்தான்.

மாமனார் இருந்தபோது சொல்வார், "கொறங்காட்ட ஒருக்கா கொத்திப் பொரட்டிட்டா, மறுக்கா புல்லு தேறி வர்றதுக்குள்ள உம்பட மகளுக்கே மக பொறந்துரும் அம்மிணி" என்று. அவர் ஏரே தொடாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். புல் ரொம்ப நலிந்துபோன வருஷம் மாட்டு ஏரில் மேலாக ஒரு சால் ஓட்டி, கொழுக்கட்டைப் புல் விதையைத் தூவி, ஒரு வருஷம் மேய்க்காமல் மூடி வைப்பார். வேலியும் மரமும் அப்படியே இருக்கும். அந்த உழவும் இந்த உழவும் ஒன்றில்லை.

நிலத்துக்கு அடியில் என்ன போகிறது என்பதுதான் வெளியே தெரிவதில்லை. தேனீ என்றால் நாம் அடையை நினைக்கிறோம், ஆனால் உலகத்தில் இருக்கிற தேனீ வகைகளில் பெரும்பாலானவை அடை கட்டாதவை, தனித்தனியாகத் தரையில் சின்ன வளை தோண்டி அதற்குள் முட்டை வைப்பவை. தரை பல வருஷம் கலையாமல் கிடந்தால்தான் அவற்றுக்கு வீடு. ஒரு உழவில் எல்லாம் புரண்டுவிடும். வேலிப்பருத்தியும் எருக்கும் போனால் வெந்தய வரியன் பட்டாம்பூச்சிக்குப் புழு வளர இலை இல்லை. ஆள்காட்டி வெறுந்தரையில் முட்டை வைக்கும், கௌதாரி புல்லுக்குள் வைக்கும், டிராக்டர் ஓட்டுகிற தம்பிக்கு மேலே உட்கார்ந்து பார்த்தால் அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது.

பூச்சிதானே, போனால் போகட்டும் என்று சொல்கிறவர்கள் எங்கள் பக்கத்துக் கண்வலிக்கிழங்குக் காட்டுக்கு ஒரு காலை நேரம் வாருங்கள். செங்காந்தளைத்தான் கண்வலிக்கிழங்கு என்கிறோம், மூலனூர் பக்கம் விதைக்காகப் பயிர் செய்கிறோம், மருந்து தயாரிக்க வெளிநாட்டுக்குப் போகிறது. அந்தப் பூவின் அமைப்பு ஒரு மாதிரி, சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி மகரந்தத்தை விட்டு விலகி நிற்கும், ஏதாவது ஒரு ஜீவன் வந்து தொட்டு எடுத்துப் போனால்தான் காய் பிடிக்கும். வேலியில் தானாகப் படர்ந்த காலத்தில் அதை வண்டும் பட்டாம்பூச்சியும் தேன்சிட்டும் செய்தன. இப்போது காய் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று பெண்களுக்குக் கூலி கொடுத்துப் பூ பூவாகக் கையால் தொட்டு வைக்கிறோம். நானும் போயிருக்கிறேன், கழுத்து ஒடிந்துவிடும். முருங்கையையும் பாருங்கள், எங்கள் பக்கத்துச் சம்சாரிகளுக்குச் சோறு போடுகிற மரம் அது, அதன் பூவுக்குத் தேனீயும் கருவண்டும் வேண்டும். முருங்கை பூக்காத மாதத்தில் அந்த வண்டு எங்கே போய்ச் சாப்பிடும்? பக்கத்தில் கொறங்காடு இருந்தால் ஆவாரையும் தும்பையும் இருக்கும். அதையும் உழுதுவிட்டால் மிச்சம் இருக்கிறது கூலியாள்தான்.

அப்படி இருந்தும் ஏன் உழுகிறார்கள் என்று கேட்டால், பாதிக் குற்றம் சம்சாரி மேல் இல்லை. மாடு வளர்ப்பு குறைந்துவிட்டது, ஏருக்கும் வண்டிக்கும் காங்கேயம் காளை கேட்ட காலம் போய்விட்டது. செம்மறி வைத்துப் பிழைக்கலாம் என்றால் தெருநாய் ராத்திரியில் வேலிக்குள் புகுந்து பட்டியோடு கடித்துப் போடுகிறது, காங்கேயம் வெள்ளகோவில் பக்கம் செத்த ஆட்டைப் போட்டுக்கொண்டு விவசாயிகள் ரோட்டில் உட்கார்ந்ததை உங்கள் பத்திரிகையும் போட்டிருந்தது. நிலத்தைக் கேட்டு சோலார் கம்பெனித் தரகர் ஒருபக்கம் வருகிறார், சைட் போடுகிறவர் ஒருபக்கம் வருகிறார். எங்கள் வீட்டுக்காரர் இரண்டு மாடு வாங்கக் கொறங்காட்டைக் காட்டிக் கடன் கேட்கப் போனபோது, அங்கே இருந்தவர் அடங்கலை, அதாவது எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதுகிற கிராமக் கணக்கைப் பார்த்துவிட்டு, இதில் சாகுபடியே இல்லையே, தரிசு என்றல்லவா இருக்கிறது என்று கேட்டாராம். வறட்சி நிவாரணம் வந்த வருஷமும் அதே பதில்தான், பயிர் இல்லாத நிலத்துக்கு இழப்பு ஏது என்றார்கள். அந்த வருஷம் புல் இல்லாமல் வைக்கோலை என்ன விலைக்கு வாங்கினோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

இந்தத் தரிசு என்கிற ஒரு வார்த்தைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என்று நினைக்கிறேன். வருவாய்த் துறைக் கணக்கில் பயிர் இருந்தால் பயிர், இல்லாவிட்டால் தரிசு. கலைஞரின் அனைத்துக் கிராம ஒருங்கிணைந்த வேளாண் வளர்ச்சித் திட்டத்தில் தரிசு நிலங்களைப் பத்து, பதினைந்து ஏக்கர் தொகுப்பாகச் சேர்த்து, முள்ளை வெட்டி, உழுது, போர் போட்டு சாகுபடிக்குக் கொண்டுவந்தார்கள். சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிற எங்கள் கொழுந்தனார் காட்டுக்கு அது வரட்டும், மாலை போட்டு வரவேற்கிறேன். ஆனால் நூறு வருஷம் பராமரித்த மேய்ச்சல் காடும், கைவிட்ட காடும் ஒரே வார்த்தையில் எழுதப்பட்டிருந்தால், மேலே உட்கார்ந்து பட்டியல் எடுக்கிறவருக்கு எது எதுவென்று எப்படித் தெரியும்?

2017 ஜனவரியில் மெரினாவில் அத்தனை பிள்ளைகள் உட்கார்ந்தார்களே, அப்போது திரும்பிய பக்கமெல்லாம் காங்கேயம் காளைப் படம்தான். எங்களுக்கெல்லாம் பெருமை தாங்கவில்லை. நாட்டு மாட்டைக் காப்போம் என்ற அந்தக் குரல் மனசார வந்தது, எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் காளை எதைத் தின்று அந்தத் திமிலோடு நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை. இந்தச் சரளை மண்ணும் கொழுக்கட்டைப் புல்லும்தான் அந்த எலும்புக்குக் காரணம் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். குட்டப்பாளையத்தில் இருக்கிற சேனாபதி காங்கேயம் கால்நடை ஆராய்ச்சி மையம் மாட்டோடு சேர்த்துக் கொறங்காட்டையும் காப்பாற்ற வேண்டும் என்று பல வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறது. அப்படிப் பேசுகிறவர்கள் இன்னும் வேண்டும்.

என் மகள் கோயம்புத்தூரில் படிக்கிறாள், அவள் ஒன்றைப் படித்துக் காட்டினாள், அதிலிருந்துதான் எனக்கு இந்த யோசனை. இங்கிலாந்திலும் காட்டுப்பூ பூக்கிற பழைய புல்வெளிகள் பண்ணை நிலத்துக்குள்ளேயே இருந்தனவாம், புல்லை அறுத்துக் காயவைத்துத் தீவனமாக்கவும் மேய்ச்சலுக்கும் வைத்திருந்தது. 1939இல் உலகப்போர் நெருங்கிய நேரம், உணவு விளைச்சலைக் கூட்ட வேண்டும் என்று, பழைய புல்வெளியை உழுதால் ஏக்கருக்கு 2 பவுண்டு என்று அரசாங்கமே கொடுத்தது. போருக்குப் பின்னாலும் உழவு நிற்கவில்லை. 1980களில் கணக்குப் பார்த்தபோது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1930களில் இருந்த பூப்புல்வெளியில் 97 சதவீதம் போயிருந்தது. இப்போது அதே இங்கிலாந்தில் உழாத புல்வெளியை 2 ஹெக்டேருக்கு மேல் உழுது மாற்ற வேண்டும் என்றால் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும், பூப்புல்வெளியைப் பராமரிக்கிற, திரும்ப உருவாக்குகிற விவசாயிக்கு அரசாங்கம் பணம் கொடுக்கிறது. உழக் காசு கொடுத்த அதே அரசாங்கம். 97 போன பிறகு.

எங்களுக்கு இன்னும் அவ்வளவு போகவில்லை. அதனால்தான் இப்போது கேட்கிறேன்.

முதலில் அடங்கலில் கொறங்காடு என்று தனியாக எழுதுங்கள். கிராம நிர்வாக அலுவலர் ஒருமுறை நேரில் வந்து பார்த்தால் போதும், கிளுவை வேலி, கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம், இந்த மூன்றும் இருந்தால் அது கொறங்காடு, இதைக் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டியதில்லை. அப்படி எழுதின நிலத்துக்கு, உழாமல் வேலியோடு பராமரிக்கிற வரைக்கும், ஹெக்டேருக்கு இவ்வளவு என்று வருஷா வருஷம் ஒரு தொகை கொடுங்கள். கோடை உழவுக்கு அறிவித்த அந்த 2,000 ரூபாயையாவது கொடுங்கள், அதில் தொடங்கலாம். இங்கிலாந்து மாதிரி அனுமதிச் சட்டம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. பட்டா நிலத்தில் நீ உழாதே என்று சட்டம் போட்டால், சட்டம் வருவதற்கு முந்தின வாரமே எல்லோரும் பொக்லைனைக் கூப்பிட்டுவிடுவார்கள், எங்கள் ஆட்களை எனக்குத் தெரியும். கையில் கொஞ்சம் பணமும், இது தரிசில்லை என்கிற மரியாதையும் கிடைத்தால் பாதிப் பேர் நிறுத்திவிடுவார்கள். மாட்டுக் கடனுக்கும் வறட்சி நிவாரணத்துக்கும் புல்லையும் பயிராகக் கணக்கில் எடுங்கள். கிளுவைப் போத்து ஊன்ற ஊரக வேலைத் திட்டத்து ஆட்களை விட்டால் பிடுங்கின வேலியைக்கூடத் திரும்பக் கொண்டுவரலாம்.

ஐக்கிய நாடுகள் சபை 2026ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டு என்று அறிவித்திருக்கிறது. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு பாரம்பரிய வேளாண் முறைகளுக்கு உலக அளவில் ஒரு அங்கீகாரம் கொடுக்கிறது, இந்தியாவில் காஷ்மீர் குங்குமப்பூ, ஒடிசாவின் கோராபுட், கேரளத்தின் குட்டநாடு ஆகியவை அதில் இருக்கின்றன. கொறங்காட்டையும் அனுப்பச் சொல்லி மாநில அரசு கேட்டால் என்ன? மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டியைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 2022இல் அறிவித்த அரசுதானே, இதன் அருமை புரியாதா என்ன.

கொழுந்தனார் போன மாதம் வந்து, அண்ணி, உங்கள் காட்டில் கொழுக்கட்டைப் புல் விதை கொஞ்சம் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டார். ஒரு மூட்டை உதிர்த்து வைத்திருக்கிறேன். முள்ளை வெட்டி, வேலிக்குப் போத்து தேடிக்கொண்டிருக்கிறார். வேலி ஊன்றுகிற கூலிதான் இடிக்கிறது, அதற்கு நான் முன்னே சொன்ன உதவி வந்தால் இந்த ஐப்பசிக்குள் ஊன்றிவிடலாம்.

ஐயா, வரும் தையில் பூப்பறிக்கிற நோம்பிக்கு உங்கள் நிருபர் ஒருவரையும் போட்டோ எடுக்கிறவர் ஒருவரையும் எங்கள் ஊருக்கு அனுப்புங்கள். எங்கள் காட்டுப் படலை அன்றைக்குத் திறந்து வைத்திருப்பேன். வேலிக்கு இந்தப் பக்கத்தையும் அந்தப் பக்கத்தையும் ஒரே படத்தில் எடுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மூலனூர் அருகே, திருப்பூர் மாவட்டம்.